எல்லயில் இறங்கிவிடாதீர்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் ரயில் எல்லயில் நின்றதும் பெட்டிகள் பாதி காலியாகிவிடும். முதுகுப்பை சுமந்த வெள்ளைக்காரர்களோடு, சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம்மவர்களும் இறங்கிவிடுகிறார்கள். எல்லோர் கையிலும் ஒரே பட்டியல்: ஒன்பது வளைவுப் பாலம், இராவணா நீர்வீழ்ச்சி, மலையுச்சியில் ஒரு படம். பார்க்க வேண்டியவைதான். ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் ஊவா மாகாணத்துக்கு வந்து எல்லயோடு திரும்புவதை என்னால் ஒப்ப முடியவில்லை. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்து ஆட்களிடம் தமிழிலேயே வழி கேட்கலாம், நின்று பேசலாம். வேறெந்தப் பயணிக்கும் இந்த வசதி இல்லை.

ஆகவே முதல் யோசனை, டிக்கெட்டைக் கடைசி ஸ்டேஷனான பதுளை வரை எடுங்கள். பண்டாரவளைக்கு ரயில் 1894-ல் வந்துவிட்டது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. இடையில் இருக்கும் சரிவு அப்படி. எல்லயைத் தாண்டியதும் தெமோதரையில் ரயில் நிற்கும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சற்றுமுன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழையும். சரிவை எப்படிச் சமாளிப்பது என்று தவித்த எஞ்சினியர் ஒருவர், தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனையைப் பிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதையில் எஞ்சினியருக்குப் பெயர் சொல்கிறார்கள். கங்காணிக்குப் பெயர் இல்லை.

முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கவலை வேண்டாம், அன்றன்றைக்கு கவுண்டரில் கொடுக்கும் மூன்றாம் வகுப்பு டிக்கெட் போதும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் ஜன்னலோரமும் கிடைக்கும். ஒன்று மட்டும்: 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் மண் சரிந்து சேதமானது. எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று ரயில்வே திணைக்களத்தில் விசாரித்துவிட்டே கிளம்புங்கள். பஸ் எப்போதும் உண்டு.

எப்போது வருவது? ஆடி, ஆவணி. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட, மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் கச்சான் காற்று ஈரமில்லாமல் வறண்டு வீசும். அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளரும், சாயத்தின் மணம் ஏறும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரையான இந்தப் பருவம்தான். தேயிலை வாங்குவதானால் இந்தப் பருவத்துத் தூளா என்று கேட்டு வாங்குங்கள். மலையில் அதைப் பறிப்பவர்கள் வீட்டில் காய்ச்சுவது பெரும்பாலும் டஸ்ட் தூள். நல்லதெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும்.

பதுளை டவுனுக்கு ஒரு பகல் போதும். முதியங்கணை விகாரை, கதிர்காம தேவாலயம், சந்தை. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி துன்ஹிந்த அருவி. 64 மீட்டர் உயரம், கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. புனித மாற்கு தேவாலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1857-ல் திறந்த அந்தக் கோயில், மேஜர் ரோஜர்ஸ் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கிய அவர், 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

இனி தோட்டங்கள். பதுளையிலிருந்து பசறை, நமுனுகுல, ஸ்பிரிங்வெளி, மடுல்சீமைக்கு பஸ் போகிறது. ஏறும்போதே கொண்டக்டரிடம் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். இருட்டியபின் மலையில் ஓட்டோ பிடிப்பது கஷ்டம். பிடித்தால் கூலி வலிக்கும். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள், ஒரு பொட்டலம் உப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து ரோடு நம் சொந்த ரோடு அல்ல. பெரிய பாதையை விட்டு உள்ளே நடப்பதானால் ஆபீசிலோ, வழியில் தென்படும் கங்காணியிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். குறித்த கிலோ சேராவிட்டால் அவர்களுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 2024-ல் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. எல்லயின் கடைகளில் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் அதைத் தாண்டிவிடும். ஆகவே நிரையில் நிற்பவரைக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில், நிறுவைக் கொட்டகையான மடுவத்தின் பக்கம் போங்கள். கூடையை இறக்கிவிட்டு நிற்பார்கள். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் அடுத்த கேள்வி உங்களுக்குத்தான்: “தம்பி எந்த ஊரு?”

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அழைத்தால் போங்கள், செருப்பை வாசலில் விடுங்கள், கொடுக்கும் தேத்தண்ணியை மறுக்காதீர்கள். கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் வந்தால் இன்னும் யோகம். ரோட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் நீட்டும் பழக்கம் வேண்டாம். போகிற வீட்டுப் பெரியவர் கையில் பழமோ பிஸ்கட்டோ கொடுப்பதே மரியாதை.

அப்புத்தளைப் பக்கம் போகிறவர்கள் லிப்டன் சீட்டுக்கு விடியலிலேயே கிளம்புங்கள். தம்பேதென்ன வரை பஸ். 1890-ல் லிப்டன் கட்டிய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, அங்கே இருக்கிறது. பிறகு ஏழு கிலோமீட்டர் ஏற்றம். ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் உச்சியில் வெறும் வெள்ளைதான். ஏறுவதற்கு ஓட்டோ எடுத்தாலும் இறக்கத்தை நடந்தே முடியுங்கள். காலையில் பெரட்டு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம், முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரியும் நேரம் அது.

ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள். வந்துதான் ஆக வேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. சிவப்பு என்றால் மலைப்பாதைப் பயணம் வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அப்புத்தளையிலிருந்து தியலும அருவிக்குப் போகும் ரோடு கொஸ்லந்தை வழியாகத்தான். ஓட்டோக்காரர் “அந்த இடத்தையும் காட்டட்டுமா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

தமிழ்நாட்டிலிருந்து, அதிலும் நீலகிரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறினார்கள். அண்ணன் கப்பலேற, தங்கை இங்கேயே நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. இங்கே நின்றவர்களிலும் பலர் 2003-ல் வந்த சட்டம் வரை குடியுரிமை இல்லாமலே இருந்தார்கள். அதனால் “நீங்க இந்தியாவா, சிலோனா?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அவர்களாகவே கோத்தகிரியைப் பற்றிக் கேட்பார்கள். பெயரும் ஊரும் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.