களிமண்ணும் ஓகஸ்ட் விடுமுறையும்

பாடசாலை விடுமுறை விட்டதும் நமது தோட்டங்களில் பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. புலமைப்பரிசில் பரீட்சைக்கோ சாதாரண தரத்துக்கோ இருப்பவர்களுக்கு மேலதிக வகுப்பு. அதற்குக் காசில்லாதவர்களுக்கு லயத்து வாசலும் பீலிக்கரையும். மூன்றாவது வழியைப் பற்றி வெளிப்படையாக எவரும் பேசுவதில்லை. "லீவுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிக் கொழும்புக் கடைக்கோ யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கோ அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலர், தவணை தொடங்கும்போது வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை. ஆசிரியர் சில நாட்கள் பெயர் கூப்பிட்டுப் பார்ப்பார். பிறகு இடாப்பில் சிவப்புக் கோடு விழும்.

எனவே விடுமுறையில் பிள்ளைகளைத் தோட்டத்திலேயே நிறுத்தி வைக்கக்கூடிய ஒரு வேலை வேண்டும். அது இன்னொரு பரீட்சை வகுப்பாக இருக்கக் கூடாது. ஸ்பிரிங்வெளி போன்ற ஒரு தோட்டத்தில் அந்த வேலை மட்பாண்டம் செய்வதாக இருக்கலாம் என்பது எமது எண்ணம். கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பிளாஸ்டிக் வாளியும் அலுமினியச் சட்டியும் நிறைந்த காம்பராவில் மண் சட்டிக்கு என்ன இடம் என்று கேட்கலாம். ஆனால் தைப்பொங்கலுக்குப் பானை வேண்டும். அம்மன் திருவிழாவுக்குக் கரகம் வேண்டும். கார்த்திகைக்கு அகல் வேண்டும். சாவு வீட்டுக்குக் கொள்ளிக்குடம் வேண்டும். பிறப்பு முதல் இறப்பு வரை மண்பாண்டம் இல்லாமல் நமது சடங்குகள் நடப்பதில்லை. அவற்றில் ஒன்றைக்கூட நாம் செய்வதில்லை. எல்லாவற்றையும் பதுளைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து நமது முன்னோர் வந்தபோது பல தொழில் தெரிந்தவர்களும் அவர்களோடு வந்தனர். சலவைத் தொழிலும் முடிதிருத்தும் தொழிலும் தோட்டத்துக்குத் தேவைப்பட்டதால் அவை தொடர்ந்தன. குயவுத் தொழிலுக்கோ களிமண் எடுக்க ஒரு குளமோ வயலோ வேண்டும். பானை காய முற்றம் வேண்டும். சூளைக்கு இடம் வேண்டும். ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் மட்டுமே உள்ளவர்களிடம் இவை எங்கே இருக்கும்? அந்தக் கைத்திறன் மலையேறி வந்திருந்தாலும் இறங்கி வேரூன்ற அதற்கு மண் கிடைக்கவில்லை. காணி இல்லாமை பறித்துக்கொண்டவற்றைக் கணக்கெடுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் நடப்பது

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 'தட்சிணசித்ரா' என்ற இடம் உண்டு. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மீண்டும் கட்டிக் காட்டும் இவ்விடத்தை, 1984இல் தொடங்கப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996இல் திறந்தது. அங்கு குயவர் சக்கரத்தில் வனைவதைப் பார்க்கலாம். நாமும் உட்கார்ந்து முயன்று பார்க்கலாம். கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கான கைவினை முகாம்களும் நடைபெறுகின்றன. நகரத்துப் பெற்றோர் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். நல்ல முயற்சிதான். ஆயினும் இதை அப்படியே கொண்டுவந்து ஸ்பிரிங்வெளியில் வைத்தால் பொருந்தாது. கையில் சேறு படாமலே வளரும் பிள்ளைக்குச் சேறு ஒரு விடுமுறை விருந்து. நமது பிள்ளைகளின் தாய்மார் மலைக்குப் போய் நாள் முழுவதும் சேற்றில் நின்றுவிட்டு வருகின்றனர். மண் என்பது அவர்களுக்கு விளையாட்டாக அன்றி வெட்கமாகவே காட்டப்பட்டிருக்கிறது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பதுளை பஸ் நிலையத்தில் ஒருமுறையேனும் கேட்காத பிள்ளை எத்தனை பேர்?

இந்த வெட்கத்தைப் பற்றிச் சிந்தித்தவர்கள் வேறு ஒரு நாட்டில் இருந்தார்கள். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், வெளிநாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ஜேன் அடம்ஸ் என்ற பெண்மணியும் அவரது தோழி எலன் கேற்ஸ் ஸ்ராரும் 1889இல் 'ஹல் ஹவுஸ்' என்ற சமூக நிலையத்தைத் தொடங்கினர். (ஜேன் அடம்ஸ் 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.) ஆங்கிலம் பேசக் கற்ற பிள்ளைகள், ஊர் உடையோடும் ஊர்ப் பேச்சோடும் இருந்த பெற்றோரைக் கண்டு கூசியதை அவர் கவனித்தார். 1900இல் அங்கு ஒரு தொழில் அருங்காட்சியகத்தை அமைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் வைக்கும் இடம் அல்ல அது. அயலிலுள்ள வயதானவர்களே வந்து உட்கார்ந்து, தாம் ஊரில் செய்த நூற்றலையும் நெசவையும் பிற கைவேலைகளையும் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினர்.

ஓர் இத்தாலியச் சிறுமியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தாய் நூல் நூற்றுக் காட்ட வரும் அதே மாலையில் மகள் சமையல் வகுப்புக்கு வருவாள். ஆனால் முக்காடிட்ட தாயோடு தன்னை யாரும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று வேறு வாசலால் நுழைவாள். ஒருநாள், பெரிய மனிதர்கள் தன் தாயின் நூற்றலைச் சூழ்ந்து நின்று வியந்து பாராட்டுவதைக் கண்டாள். அதன் பின் இருவரும் ஒரே வாசலால் வந்தனர். அதே நிலையத்தில் 1927இல் ஒரு மட்பாண்டப் பட்டறையும் சூளையும் தொடங்கப்பட்டன. அயலில் குடியேறியிருந்த மெக்சிக்கோ நாட்டவர் பலர் அங்கு வேலை செய்தனர். நியூயோர்க்கில் 'கிரீனிச் ஹவுஸ்' என்ற இன்னொரு சமூக நிலையம் 1909இல் தொடங்கிய மட்பாண்டப் பட்டறை நூறாண்டைக் கடந்தது.

நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்துப் பொம்மை செய்யச் சொல்வது எளிது. பாட்டிமாரையும் தாத்தாமாரையும் அதே சாக்கில் உட்கார வைப்பதுதான் காரியம். கரகத்தின் கழுத்து எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், பொங்கல் பானையில் மஞ்சள் கொத்து எந்த இடத்தில் கட்டப்படும், அகலின் மூக்கு ஏன் குவிந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். "பாட்டி, இப்படியா?" என்று ஒரு பேரப்பிள்ளை கேட்பதற்கு நமது வாழ்க்கையில் வேறு சந்தர்ப்பங்கள் குறைவு.

யார் கற்றுக்கொடுப்பது?

கொழும்பிலிருந்து வளவாளர் ஒருவரைக் காரில் அழைத்து வரத் தேவையில்லை. ஊவாவின் கீழ்ப் பள்ளத்தாக்குகளில், புத்தள, வெல்லவாயப் பக்கத்து வீதியோரக் கடைகளில் எருமைத் தயிர் மண் சட்டியில்தான் விற்கிறது. அந்தச் சட்டியை வனைந்த கை ஏதோ ஒரு சிங்களக் கிராமத்துக் குயவரின் கை. அவரே ஆசிரியர். சிங்களத்தில் குயவரைக் 'கும்பலா' என்பார்கள். நாம் 'கும்பம்' வைக்கிறோம். அவர்களது 'ஹட்டி'யும் நமது 'சட்டி'யும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. பாடம் நடத்த மொழிபெயர்ப்பாளர் அவ்வளவாகத் தேவைப்படாது.

இதைச் சும்மா இன நல்லுறவு என்ற அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் சந்தையிலும் பஸ்சிலும் அன்றி வேறு சந்திப்பு இல்லை. ஒரு கிராமத்துக் குயவர் சம்பளம் பெறும் ஆசிரியராகத் தோட்டத்துக்கு வருவதும், கிராமத்துப் பிள்ளைகள் சிலரும் அவரோடு வருவதும் ஒரு நாள் கூட்டத்தில் பேசப்படும் சமாதானத்தைவிடப் பயனுள்ளது. சம்பளம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். தேநீரும் நன்றியுரையும் கொடுத்து ஒரு தொழிலாளியை அனுப்பிவிடும் வழக்கம் நமது நிறுவனங்களுக்கு உண்டு.

மண், காற்று, நெருப்பு

தேயிலை மலைச் செம்மண் வனைவதற்கு உதவாது. அதில் மணலும் பருக்கையும் அதிகம். பள்ளத்து வயலின் அடியில் படிந்திருக்கும் மண்ணே வேண்டும். சோதிப்பது எளிது: ஈர மண்ணைப் பென்சில் தடிப்பில் உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். ஆளுக்கு 2 கிலோ வீதம் 20 பிள்ளைகளுக்கு 40 கிலோ பிசைந்த மண் போதும். வாளியில் கரைத்து, பழைய நுளம்பு வலையால் வடித்து, அடையவிட்டு, மேல் நீரை இறுத்து, துணியில் பரப்பி இறுகவைக்க இரண்டு மூன்று நாட்கள் செல்லும். திறந்த நெருப்பில் சுடுவதானால் நுண் மணலை ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்து மிதிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மண் வேண்டும் என்பதற்காக லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவை ஒருபோதும் வெட்டக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையை நமது மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. எனவே சமதரை வயலில், வயற்காரரிடம் கேட்டு, நான்கு மூட்டை எடுத்தால் போதும்.

ஓகஸ்ட் மாதத்தை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊவாவில் பெருமழை ஆண்டின் கடைசியில் வருவது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை உலர் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் காற்றுத்தான். கொழுந்து குறையும், வீட்டில் வருமானமும் குறையும், பிள்ளையை வெளியே அனுப்பும் எண்ணம் எழும் காலமும் அதுவே. மட்பாண்டத்துக்கு அந்தக் காற்று நண்பனும் பகைவனும் ஆகும். வெளியில் வைத்த பானையின் வாய் முதலில் காய்ந்து அடி ஈரமாக நின்றால் வெடிப்பு நிச்சயம். ஆகவே பழைய மடுவத்துக்குள் ஈரச் சாக்கு மூடி முதல் மூன்று நாட்கள் மெதுவாக உலரவிட்டு, பின்னரே காற்றுக்குக் காட்ட வேண்டும்.

சக்கரம் வாங்குவதற்கு நன்கொடையாளரைத் தேடி அலையாதீர்கள். மூன்று வாரத்தில் சக்கரத்தில் எவரும் குயவராவதில்லை. சுழலும் மண் கட்டியை நடுவில் நிறுத்தவே பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டப் பட்டறையில் மாணவர்க்குரிய தொடக்கப் பயிற்சியே ஏழு மாதங்கள் நீடித்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்து கற்ற உள்ளூர்த் தொழிலாளர் சிலர் பின்னர் சொந்தப் பட்டறை வைத்தனர். ஆனால் அது ஆண்டுக்கணக்கான உழைப்பின் பயன். விடுமுறை வகுப்புக்குக் கைவேலையே போதும்: உருண்டையில் பெருவிரலால் குழித்து அகல் செய்தல், மண் கயிறு திரித்து அடுக்கிக் குடம் எழுப்புதல், தட்டுப்பலகையால் தட்டி மெலிதாக்குதல். இதைச் 'சுயதொழில் திட்டம்' என்று பெயரிட்டு அறிக்கை எழுதுவதும் வேண்டாம். அந்தப் பெயரில் வந்த தையல் இயந்திரங்கள் எத்தனை நிலையங்களில் தூசி பிடித்துக் கிடக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சுடும் நாள்தான் எல்லோருக்கும் திருவிழா. முழங்கால் ஆழக் குழி போதும். எரிக்க என்ன இருக்கிறது? கவ்வாத்து மிலாறு வீட்டு அடுப்புக்கே போதாது. அதில் கை வைத்தால் தாய்மாரின் கோபத்துக்கு ஆளாவோம். வைக்கோல், உமி, காய்ந்த சாணம், தேங்காய் மட்டை ஆகியவற்றைக் கிராமத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். மிலாறு கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும். பாண்டங்களை அடுக்கி, மேலே உடைந்த தயிர்ச் சட்டி ஓடுகளால் மூட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் சிறு புகை மட்டுமே. உள்ளே மிஞ்சிய ஈரம் 100 பாகை செல்சியஸில் நீராவியாகும். அது வெளியேற வழியின்றி அவசரப்பட்டால் பானை வெடித்துச் சிதறும். சுமார் 600 பாகையைத் தாண்டியதும் களிமண் தன்னோடு இரசாயன ரீதியாகப் பிணைந்திருந்த நீரையும் இழந்துவிடும். அதன் பின் எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் அது சேறாகாது. காலையில் சேறு, மறுநாள் ஓடு. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அருகில் நின்றால் ஒரு தவணைப் பாடத்தை அந்தக் குழியின் ஓரத்திலேயே நடத்திவிடலாம்.

இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில்தான் திறக்க வேண்டும். சில உடைந்திருக்கும், பழகிய குயவருக்கும் உடையும். எனவே ஒவ்வொரு பிள்ளையும் இரண்டிரண்டு செய்து வைப்பது நல்லது. பளபளப்புக்காகக் கடையில் விற்கும் மெருகு எதையும் பூசவேண்டாம். ஈயம் கலந்த மெருகு பிள்ளைகளுக்கு நஞ்சு. காய்ந்த களிமண் தூசி நெஞ்சுக்குக் கேடு; மடுவத்தைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

ஓகஸ்டில் சுட்ட அகல்கள் கார்த்திகை வரை காத்திருக்கும். அன்று லயத்து இஸ்தோப்புகளில் ஏற்றுவதற்கு ஒரு காம்பராவுக்கு மூன்று போதும். கிராமத்துப் பிள்ளைகள் தமது பங்கை வெசாக்குக்கு எடுத்து வைக்கலாம். மெருகில்லாத புது அகல் எண்ணெயைக் குடிக்கும். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் துடைத்து வைத்தால் எண்ணெய் மிச்சமாகும். பொங்கல் பானை செய்தவர்கள் அதில் முதலில் அரிசிக் கஞ்சியை ஒருமுறை கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். நுண்துளைகள் அடைபட்டு, தை முதல் நாளில் பானை கசியாமல் நிற்கும்.