மணி அடிப்பதற்கு முன்

இரண்டாம் வகுப்பு. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். ஒரு பையன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். அடம் என்று நினைத்துப் பல நாள் திட்டியிருக்கிறார்கள். பிறகு வகுப்பாசிரியை ஒரு காரியம் செய்தார். மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே அவனருகே போய், கடிகாரத்தைக் காட்டி, "கண்ணா, இப்போ மணி அடிக்கப்போகுது" என்று மெதுவாகச் சொல்வார். சில வாரம் கழித்தும் அவன் காதைப் பொத்தத்தான் செய்தான். ஆனால் பெஞ்சுக்கு அடியில் போவது நின்றுவிட்டது.

அடம் இல்லை, அவஸ்தை

அந்தப் பையனுக்கு ஆட்டிசம். அது மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. தாயின் வளர்ப்பில் வந்த குறை என்று ஒரு காலத்தில் பழி போட்டார்கள். அது பொய் என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் காது கண்டுகொள்ளாத மின்விசிறிச் சத்தமும், டியூப்லைட்டின் துடிப்பும், சத்துணவுக் கூடத்துத் தாளிப்பு வாசனையும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலரை ஒரே நேரத்தில் தாக்கும். அந்த நேரத்து அலறலுக்கு அடி மருந்தாகாது.

வகுப்பறையில் என்ன மாற்றலாம்?

அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கும். "நோட்டை எடு, தேதி போடு, கணக்கை எழுது" என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். "வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்" என்றால் உண்மையிலேயே பின்னால் திரும்பிப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. நேரான சொல்லே போதும். "உன் பேர் என்ன?" என்ற கேள்வியையே திருப்பிச் சொன்னால் கேலி செய்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பதிலைத் தேடும் வழியாகவும் அது இருக்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். தாங்க முடியாதபோது ஒதுங்க அமைதியான ஒரு மூலை வேண்டும், தண்டனை மூலையாக அல்ல.

இடம் கொடுப்பது கடமை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அது அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவையும் சட்டத்திலேயே உள்ளன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைத் தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். சேர்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் சும்மா உட்கார வைப்பதை நான் சேர்க்கை என்று ஏற்கமாட்டேன்.

கூடப் படிக்கிற பிள்ளைகள்

பெரியவர்கள் தயங்கும் இடத்தில் இவர்கள் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். "அவனுக்குச் சத்தம் வலிக்கும்" என்று ஆசிரியை ஒருமுறை சொன்னதே போதுமாக இருந்தது. அந்தப் பையனின் பக்கத்து பெஞ்சுச் சிறுமி இப்போது தானே கடிகாரத்தைப் பார்க்கிறாள். மணிக்குச் சற்று முன் அவன் முன்னால் இரண்டு விரலைக் காட்டுகிறாள்.