அறவேண்டிய இடத்தில் அறும் நூல்

கடைக்குச் சென்று தூண்டில் நூல் வாங்குகிறவர் முதலிற் கேட்பது, ‘இது அறாமல் நிற்குமா?’ என்பதே. கேட்பது நியாயந்தான்; ஆயினும், குளத்தினுள் நிற்கும் பட்டமரத்திற் சிக்கியோ, மீனின் பல்லுக்கு ஆட்பட்டோ, முடிச்சு நழுவியோ எந்த நூலும் என்றேனும் ஒரு நாள் அறுந்தே தீரும் என்பதை ஒப்புக்கொண்டவர்கள், அதைவிடப் பயனுள்ள வேறொரு வினாவை எழுப்புவார்கள்: அறும்போது அது எந்த இடத்தில் அறும்? இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களிலும், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளிலும் மெல்லிய தடியும் சிறு போலி இரையும் கொண்டு மீன்பிடிக்க விரும்பும் அன்பர்களுக்கு, நூலின் வலுவையும் அதன் நுனியிற் கட்டும் லீடரின் வலுவையும் தெரிவு செய்வதில் இவ்வினாவே வழிகாட்டவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முற்காலத்துத் தூண்டிற்காரருக்குத் தெரிவு செய்யும் சங்கடம் அதிகம் இருந்ததில்லை. ஐரோப்பியர் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி உலர்த்திய இழையை ஸ்பெயின் தேசத்து மூர்சியாவிலிருந்து தருவித்து நுனியிற் கட்டினார்கள். 1935இல் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தில் வலஸ் கறதேர்ஸ் என்ற இரசாயன விற்பன்னர் நைலோனை ஆக்கினார். நாம் தங்கூசி என்று வழங்கும் ஒற்றையிழை அதன் வழிவந்தது. 1971இல் ஜப்பானின் குறேகா நிறுவனம் புளோரோகாபன் லீடரை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னர், பொலிஎதிலீன் நுண்ணிழைகளை நான்கு அல்லது எட்டுப் புரியாகப் பின்னிய நூலும் வந்து சேர, இன்று கடைத்தட்டின் முன் நிற்பவர் மலைத்துப்போவது இயல்பே.

தங்கூசி, புளோரோகாபன், பின்னல் நூல் ஆகிய இம்மூன்றின் சுபாவமும் வெவ்வேறு. தங்கூசி தன் நீளத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேலும் இழுபட்டுக் கொடுக்கும். பின்னல் நூலோ நீள்வதே அரிது, ஆதலால் இருபது பாகத்துக்கு அப்பால் மீன் இரையைத் தொட்டாலும் விரல் அதை அறிந்துகொள்கிறது. 10 இறாத்தல் தாங்கும் தங்கூசி கால் மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பருமன் உடையது. அதே வலுவுள்ள பின்னல் நூலின் பருமன் அதில் ஏறத்தாழப் பாதியே. 5 கிராம் நிறையுள்ள ஓர் இரையை எறியும்போது இப்பாதிப் பருமன் பெரும் வித்தியாசத்தைச் செய்துவிடுகிறது. ‘தடித்த நூல் போட்டால் பயமில்லை’ என்று 30 இறாத்தல் தங்கூசியைச் சிறு றீலில் திணித்து வைத்திருப்பவர்களின் இரை, றீலை விட்டு நூல் சுருள்சுருளாகக் கிளம்பி வளையங்களில் உரசுவதால், கரையோரத்துக் கோரையைத் தாண்டுவதற்கு முன்னரே விழுந்துவிடும். விழுந்த பின்னும் அந்நூலின் விறைப்பு இரையை அதன் இயல்பான அசைவோடு நீந்தவிடாது. ஜப்பானிய நூல்களில் இறாத்தலோடு ஓர் இலக்கமும் காணப்படும். பின்னல் நூலில் 1ஆம் இலக்கம் உத்தேசமாக 16 முதல் 20 இறாத்தல் வரை தாங்குவது. நமது மென்தடிக்கு 0.6, 0.8 ஆகிய இலக்கங்களே தகும்.

சுருளின் மேல் அச்சிட்ட கணக்கு, முடிச்சில்லாத புது நூலுக்கு உரியது. தண்ணீரில் ஊறிய நைலோன் தன் வலுவில் பத்திலொரு பங்கையோ சற்றுக் கூடவோ இழக்கிறது. வன்னியின் ஆடி மாதத்து வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிக் கொண்டுசெல்லப்படும் சுருள் மேலும் இழக்கும். இவற்றையெல்லாம் விடக் கொடியது, காற்றில் நூல் தானே விழுத்திக்கொள்ளும் சாதாரண முடிச்சு. அது லீடரில் விழுந்தால் வலு பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ஒவ்வொரு எறிதலுக்கும் முன் இல்லாவிடினும் ஒவ்வொரு மீனுக்குப் பின்னும், லீடரை நகத்துக்கும் விரலுக்கும் இடையே மெல்ல இழுத்துப் பார்த்து, சொரசொரப்பு எங்கேனும் தட்டுப்பட்டால் தயங்காமல் அவ்விடத்துக்கு மேலே வெட்டி மறுபடி கட்டுவது அவசியம். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்கவேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வின் சூட்டில் தங்கூசி அவ்விடத்திலேயே நலிந்துவிடும்.

நூலின் வலுவைக் காப்பது றீலிலுள்ள இழுவைத் திருகு. லீடரின் வலுவில் நாலிலொரு பங்கு இழுவையிலேயே றீல் நூலை விட்டுக்கொடுக்கத் தொடங்கவேண்டும் என்பது அனுபவஸ்தர் பலரும் கொள்ளும் விதி. இதற்கு விற்றராசு வைத்திருப்பவர் சிலரே; ஆயினும் 1.5 லீற்றர் சோடாப் போத்தல் எல்லா வீட்டிலும் உண்டு. அதை நிறையத் தண்ணீர் விட்டு மூடினால் நிறை ஒன்றரைக் கிலோ, அதாவது 3 இறாத்தலுக்குச் சற்று மேல். 12 இறாத்தல் லீடருக்கு இதுவே அளவு. போத்தலின் கழுத்தில் நூலைக் கட்டி, றீலிலிருந்து நூல் நேரே தொங்கும்படி பிடித்துத் தூக்குங்கள். போத்தல் நிலத்தை விட்டு எழுந்து, அடுத்த கணமே றீல் கிறுகிறுவென்று நூலை விட, அது மெல்ல இறங்கி மறுபடி நிலத்தைத் தொடுமானால் திருகு சரியாக இருக்கிறது. அந்தரத்திலேயே அசையாது நின்றால் தளர்த்துங்கள். எழவே மறுத்தால் இறுக்குங்கள்.

இனி லீடர். இதன் வலுவை நிர்ணயிப்பது மீனின் நிறை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதை நிர்ணயிப்பவை மீனின் வாயும் அது வாழும் இடமுமே. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்டு இன்று நம் குளங்களெங்கும் மலிந்துள்ள திலாப்பியாவின் வாயில் நூலை அறுக்கும் பல் இல்லை. 6 அல்லது 8 இறாத்தல் தங்கூசி அதற்குத் தாராளம். விரால் அப்படியன்று. ஆம்பற் கொடிக்கும் தாமரைத் தண்டுக்கும் இடையே அசையாது கிடந்து, இரை மேலே வந்ததும் பாய்ந்து கவ்வி, கவ்விய வேகத்திலேயே வேரடிக்குத் திரும்புவது அதன் குணம், பல்லும் உண்டு. திறந்த நீரோரத்தில் எறிபவருக்கு 20 இறாத்தல் லீடர் போதும். அடர்ந்த கொடிக்குள்ளேயே எறிய வேண்டுமென்பவர் மென்தடியை வீட்டில் வைத்துவிட்டு, 40 இறாத்தலுக்கு மேற்பட்ட பின்னல் நூலும் முரட்டுத் தடியும் கொண்டு வருவதே மரியாதை. செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று நீர்மட்டத்தில் கொப்புளித்துக்கொண்டு திரியக் கண்டால், அதன் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன, அங்கே எறியாதீர்கள்.

கொடுவாவின் சங்கதி வேறு. மாரி வெள்ளம் வட்டுவாகலில் மணற்றிட்டை உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும் காலத்தில் அம்மீனை நாடுபவர்கள், அதன் பல்லுக்கு அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டியது செவுள் மூடியின் விளிம்புக்கு. அரிவாள் வாய்போன்ற அவ்விளிம்பு, மீன் எழும்பித் தலையை உதறும்போது 12 இறாத்தல் தங்கூசியை ஒரே உரசலில் அறுத்துவிடும். ஆகையால் 2 கிலோ மீனுக்கும் 25 முதல் 30 இறாத்தல் வரையான லீடர் வேண்டும். கொடுவா ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் இனம். பெருத்தவை பெரும்பாலும் பெண்களே. அவற்றை விட்டுவிடுபவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். சீலாவின் பல்லுக்கு எந்தத் தங்கூசியும் நிச்சயமில்லை. மெல்லிய எஃகுக் கம்பி ஒரு சாண் கட்டுவதே உசிதம்.

புளோரோகாபன் நீரில் மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்வார்கள். அதன் ஒளிமுறிவுக் குணகம் 1.42, நைலோனுடையது சுமார் 1.53, தண்ணீருடையது 1.33, எனவே கூற்றில் உண்மை உண்டு. ஆனால் மாரிக்குப் பின் இரணைமடுவில் நிற்கும் கலங்கல் நீரில் அம்மறைவுக்காகப் பணம் செலவிடுவது வீண். மேலும் அது நீரில் அமிழ்வது; மேலே மிதந்து துள்ளும் இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். தெளிந்த களப்பு நீரிலும், சிப்பியும் கல்லும் உரசும் இடத்திலும் மட்டும் அதை உபயோகித்து, மற்ற இடங்களில் நல்ல தங்கூசியையே கட்டலாம். நீளம் அரைப் பாகம் முதல் ஒரு பாகம் வரை போதும்.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். கொடுவாவுக்கோ விராலுக்கோ லீடரை உயர்த்தும்போது முதன்மை நூலையும் உயர்த்தி, எக்காலத்திலும் லீடரே இரண்டிலும் வலு குறைந்ததாக இருக்கும்படி வைத்தல் வேண்டும். இரையைக் கட்டிய முடிச்சு அதனினும் ஒரு படி குறைந்தது. இவ்வரிசை தவறாதவரின் நூல் இரைக்கு அருகிலேயே அறும். மீன் ஒரு சாண் தங்கூசியோடு தப்பும். வரிசை மாறினால், முப்பது பாகம் நூலை இழுத்துக்கொண்டு போகும் மீன் எங்கோ ஒரு மரக்கட்டையிற் கட்டுண்டு சாகும். அந்நூல் கூழைக்கடாவின் காலிலும் பூநாரையின் கழுத்திலும் சுற்றும்.

மற்றொரு காரணம் என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. நம் குளங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தார் மாலையில் வலை விரித்து அதிகாலையில் எடுக்கிறார்கள். இடம்பெயர்ந்து திரும்பி, கடன்பட்டு வலை வாங்கிய குடும்பங்கள் அவர்களிடையே அநேகம். மும்முனைத் தூண்டில் அவ்வலையில் மாட்டிக்கொண்டால், 40 இறாத்தல் நூல் வைத்திருப்பவர் இழுக்கிற இழுப்பில் வலைக்கண்கள் வரிசையாகக் கிழியும். 10 இறாத்தல் லீடர் வைத்திருப்பவரின் இரை மட்டும் போகும். நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ, போகவேண்டியது நம்முடைய இரை.

ஆகவே எறியுமுன் சங்கத்தாரிடம் அனுமதி கேளுங்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்கள். அங்கெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் விசாரியாமல் தடியை விரிக்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட நிலத்துக்குள், எவ்வளவு பெரிய விரால் துள்ளினாலும், கால் வைக்காதீர்கள். வெட்டியெறியும் தங்கூசித் துண்டு ஒவ்வொன்றையும் மூடியுள்ள போத்தலொன்றில் இட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கரையில் பிறர் விட்டுச்சென்ற துண்டுகளையும் அதே போத்தலில் இடுங்கள்.