கடற்பயணத்திற்கு எத்தனை நாள்?

கப்பலில் உல்லாசப் பயணம் செல்ல விழையும் நண்பர்கள், "மொத்தம் எத்தனை நாள்?" என்றே கேட்கிறார்கள். கரையில் எத்தனை பகல் கிடைக்கும் என்பதன்றோ கேட்கவேண்டியது?

இலட்சத் தீவுகளையே எடுத்துக்கொள்வோம். கொச்சியிலிருந்து மினிக்காய் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். போவதற்கு ஓர் இரவு, மீள்வதற்கு ஓர் இரவு. தீவுகள் பலவற்றில் பெரிய கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நின்றுவிடும். படகில் மாறித்தான் கரையேற வேண்டும். அலை முரண்டினால் அதற்கே அரைப்பொழுது! ஆகவே மூன்று நாள் பயணத்தில் ஒரு பகலே மிஞ்சும். முதல் இரவு குமட்டலில் வாடியவர்க்கு அதுவும் வீண்.

'சமுத்திரம்' என்னும் பெயரில் வகுக்கப்பட்ட ஐந்து நாள் சுற்றுலாவின் பொருத்தம் இங்கே விளங்கும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றுக்கும் தனித்தனிப் பகல், உறக்கம் கப்பலில். மினிக்காயில் 1885-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கத்தையும் காணலாம். திரும்பும் இரயிலுக்கு மட்டும் மறுநாளே சீட்டு எடுத்துவிடாதீர்கள். கடல் கால அட்டவணை பார்ப்பதில்லை.