விரிசல் விட்ட கிளைக்கு ஒரு கட்டு

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டியதும் ஏலத் தோட்டங்கள் தொடங்குகின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வழியே சென்றவர்கள், தோட்டத்து நிழல் மரங்களின் உச்சியில் ஆட்கள் நின்று கிளை கழிப்பதைக் கண்டிருப்பார்கள். ஏலச்செடி நேர் வெயிலைத் தாங்காது; முழு நிழலிலும் காய்க்காது. வானத்து வெளிச்சத்தில் ஏறத்தாழப் பாதி மட்டும் இலைகளினூடே வடிந்து இறங்க வேண்டும். ஆகவே, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாகப் பலா, சந்தனவேம்பு, முருக்கு போன்ற மரங்களைக் கவாத்துச் செய்கிறார்கள். காற்றில் கனத்த கிளைகள் முறிந்து செடிகளின்மேல் விழாமல் காப்பதும் இதன் நோக்கம்.

கைதேர்ந்தவர் அரிவாளை எடுத்தவுடன் வெட்டிவிடுவதில்லை. எந்தக் கிளை நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று சற்று நேரம் பார்க்கிறார். பெரிய கிளையாயின் முதலில் அதன் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டு, பிறகே மேற்புறத்தில். இல்லையேல் விழும் கிளை தன் எடையால் தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும்.

மலையில் ஐம்பதடி உயரத்தில் நடக்கும் இதே வேலையை ஒன்றரை அடி உயரத்தில் செய்வதுதான் போன்சாய் எனப்படும் குறுமர வளர்ப்பு. தட்டில் நட்டது என்பது அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை இது. நெடுங்காலச் சிகிச்சையில் இருப்போரும், அவர்களுடன் வீட்டில் இருப்போரும் கைக்கொள்ளத்தக்க பொழுதுபோக்காக இதை நான் கருதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

இலையுதிர்க்கும் மரங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆண்டில் சில வாரங்கள் அவை தம் எலும்புக்கூட்டை நமக்குக் காட்டுகின்றன. ஜப்பானியருக்கு அது மேப்பிள் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் பனிக்காலம். நமக்கோ மாசி, பங்குனி. போடியைச் சுற்றியுள்ள இலவ மரங்களை அப்போது பாருங்கள். பச்சை இலை ஒன்றுகூட இன்றிக் கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டமாக நீண்டிருக்கும். நெற்றுகள் வெடித்துப் பஞ்சு எட்டிப் பார்க்கும். ஒரே கணுவிலிருந்து மூன்று கிளைகள் சக்கர ஆரங்களைப் போலப் பிரிவதையும் காணலாம். காட்டு மரத்தில் அது அழகு. குறுமரத்தில் அப்படி விட்டால் அக்கணு நாளடைவில் வீங்கி முடிச்சாகிவிடும். ஒன்றை அல்லது இரண்டைக் கழிக்க வேண்டும். ஒதியம், கிளுவை, அரசு, மாதுளை ஆகியவையும் தொட்டியில் வளர்க்க ஏற்றவை. ஒதியத்தையும் கிளுவையையும் வேலிக்காலில் குச்சியாக ஊன்றியே உண்டாக்கிவிடலாம். ‘ஒதி பெருத்தால் உத்திரமாகுமா’ என்று நம் முன்னோர் ஏளனம் செய்த மரம், தட்டில் ஏறினால் முதுமரத்தின் தோற்றத்தை விரைவில் பெற்றுவிடுகிறது.

இலைகள் உதிர்ந்து, புதிய மொட்டுகள் வீங்கத் தொடங்கும் நேரமே கிளைகளைத் திருத்துவதற்கு உகந்தது. திருத்தும் முறைகள் இரண்டு. ஒன்று, வெட்டி வளர்த்தல். கிளையை ஒரு மொட்டுக்குச் சற்று மேலே நறுக்கினால், அம்மொட்டு நோக்கியிருக்கும் திசையிலேயே புதுத்தளிர் செல்லும். அது தடித்ததும் மீண்டும் நறுக்க, கிளை வளைந்து வளைந்து முதிர்ந்த வடிவம் பெறும். தென்சீனத்து லிங்னான் மரபினர் இம்முறையிலேயே தம் மரங்களை உருவாக்கினர். கம்பி வேண்டாம், கை வலிமை வேண்டாம். ஒரு கத்தரியும் சில ஆண்டுகளும் போதும்.

மற்றொன்று, கம்பி சுற்றி வளைத்தல். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குள்ள செம்பு அல்லது அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி, இரு கட்டைவிரல்களையும் வளைவின் உட்புறம் வைத்து மெல்ல மெல்ல வளைப்பர். தடித்த கிளையாயின் ஜப்பானியர் அதன்மேல் ரஃபியா என்னும் ஓலைநாரை நனைத்து இறுகச் சுற்றிய பிறகே கம்பியிடுவர். நம் ஊரில் வாழைநார் அப்பணியைச் செய்யும். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பது மரத்தைப் பொறுத்தமட்டில் முழு உண்மையன்று. ஐம்பதிலும் வளையும், ஆனால் ஒரே நாளில் வளையாது.

அந்தப் பாடத்தை நான் சென்ற ஆண்டு மாசி மாதத்தில் கற்றேன். மொட்டைமாடியில் இருந்த மாதுளையின் முதற்கிளையை ஒரே முயற்சியில் கீழே இறக்கிவிட எண்ணினேன். மாதுளையின் கட்டை கடினமானது. தடித்தபின் எளிதில் முறியக்கூடியது. போதாக்குறைக்கு அன்று காலையில்தான் நீர் ஊற்றியிருந்தேன். நீர் நிரம்பிய கிளை விறைப்பாக இருக்கும். கம்பியிடுவதற்கு முந்தைய நாள் நீரைக் குறைத்தால் சற்றுத் துவளும் என்பதை அறிந்திருந்தும் மறந்தேன். சடக்கென்று ஓசை கேட்டது. கிளையின் மேற்புறம் பிளந்து, அடிப்புறப் பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

அதற்கு அடுத்த வாரம் என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு வயது 68. மருத்துவர் எலும்பை நேர்செய்து மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரங்கள் என்றார்.

கிளை விரிசல் விட்டால் அது முழுவதும் துண்டாகிவிட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பட்டையும் கட்டையும் ஒரு பகுதியேனும் தொடர்ந்திருந்தால் கிளையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு அடுக்கு இருக்கிறது; கிளை பருக்கும்போது புதிய கட்டையும் உட்பட்டையும் அங்கிருந்தே தோன்றுகின்றன. பிளந்த இரு பக்கங்களிலும் உள்ள அவ்வடுக்குகள் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெரியகுளம் பக்கத்து நாற்றங்கால்களில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவோர் கருதிப் பார்ப்பதும் இதைத்தான். ஆகவே தாமதமின்றிக் கிளையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பிளவைச் சேர்த்து அழுத்தி, ஒட்டுக் கட்டும் பாலித்தீன் நாடாவால் காற்றுப் புகாமல் இறுகச் சுற்ற வேண்டும். இருபுறமும் மூங்கில் சிம்புகள் வைத்துக் கட்டுவது நன்று. பிறகு தொட்டியைக் காற்றடிக்காத அரைநிழலில் வைத்துவிட வேண்டும். அவ்வளவே நம் பணி. மற்றவை மரத்தின் பணி.

முற்றும் முறிந்த கிளை ஒட்டாது. அதை நல்ல மொட்டு இருக்கும் இடம் வரை நறுக்கிவிடுவதே முறை. அடிவரை நீக்க நேர்ந்தால், கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருக்கும் கழுத்தைச் சேதப்படுத்தாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர், மின்வாளால் எண்ணற்ற மரங்களை நெடுக்கு வாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் இதற்கான காரணத்தை விளக்கினார். மரத்தின் காயம் நம் காயத்தைப் போல் ஆறுவதில்லை. அடிபட்ட பகுதியை மரம் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு, அதன்மேல் புதிய கட்டையை வளர்த்து மூடிக்கொள்கிறது. காயம் உள்ளே அப்படியே இருக்கும். அச்சுவரை எழுப்பும் ஆற்றல் மிகுந்த இடம் கிளைக்கழுத்து. அதைத் தண்டோடு ஒட்டச் சீவிவிட்டால் மரம் தன் அரணை இழக்கிறது. வெட்டுவாயில் பூச்சுகள் பூசுவதால் உட்சிதைவு நிற்பதில்லை என்பதையும் அவர் காட்டினார். தொட்டி மரத்தின் சிறு வெட்டுகளுக்குக் கூர்மையான, தூய்மையான கத்தரியே சிறந்த மருந்து.

மனித எலும்பு இவ்வகையில் மரத்தைவிடப் பேறு பெற்றது. முறிந்த இடத்தைச் சுற்றி முதலில் மென்மையான திசு திரண்டு, பின் எலும்பாகி, மாதங்கள் செல்லச் செல்லத் தன்னைத் தானே செதுக்கிக்கொண்டு ஏறத்தாழப் பழைய வடிவை அடைகிறது; தோலில் விழுவது போன்ற தழும்பு எலும்பில் எஞ்சுவதில்லை. அவ்வாறு திரளும் பொருளை மருத்துவர்களும், மரக்காயத்தின் விளிம்பில் திரள்வதைத் தாவரவியலாரும் ‘காலஸ்’ என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர்.

எலும்பு மருத்துவத்துக்கும் மரத்துக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. நிக்கோலா ஆந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர், 80 வயதைக் கடந்த நிலையில், குழந்தைகளின் உடற்கோணல்களைத் தடுப்பதும் நிமிர்த்துவதும் குறித்து 1741இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆர்த்தோபீடிக்ஸ் என்னும் சொல் அந்நூலின் தலைப்பிலிருந்தே பிறந்தது. நேரானது, குழந்தை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் ஆக்கிய சொல் அது. அந்நூலில் ஒரு படம் உண்டு. வளைந்த இளமரம் ஒன்று நேரான முளையோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கும். இன்றும் பல நாடுகளில் எலும்பு மருத்துவர் சங்கங்களின் சின்னம் அதுவே.

கட்டுப் போடுவது எளிது. எப்போது அவிழ்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறோம், நானும் தவறினேன். மூன்றாம் வாரத்தில், பிளவு கூடிவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் நாடாவைப் பிரித்தேன். விளிம்பில் வெளிர்நிறத்தில் புதிய திசு அரும்பியிருந்தது. நாடாவோடு சேர்ந்து அதுவும் உரிந்து வந்தது. திரும்பக் கட்டினேன்; பத்து நாள்களில் கிளையின் தளிர்கள் கருகிவிட்டன. திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “என் கையைப் பிரிச்சுப் பார்த்தியா? அதை மட்டும் ஏன் பிரிச்சே?”

காலம் கடந்து அவிழ்ப்பதும் தீங்கே. நம் வெப்பத்தில் மரங்கள் விரைந்து பருக்கின்றன. இரண்டு, மூன்று மாதங்களில் கம்பி பட்டைக்குள் புதைந்து, ஆண்டுக்கணக்கில் மறையாத திருகு வடுவை விட்டுவிடும். வாரம் ஒருமுறை பார்த்து, கம்பி இறுகத் தொடங்கியதும் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அவிழ்த்தால் கிளை மீண்டும் முறியலாம். முளையோடு நெடுநாள் பிணைக்கப்பட்ட மரத்தின் தண்டு மெலிந்துபோகும். காற்றில் அசைந்தால்தான் தண்டு தடிக்கும். கட்டுக்குள் அசையாதிருக்கும் கையின் தசைகள் மெலிவதும் இவ்வாறே. அதனால்தான் மாவுக்கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டச் சொல்கிறார்கள். கட்டுப்பட்ட கிளையைத் தொடவே கூடாது. கட்டுப்பட்ட கையின் விரல்களை மருத்துவர் சொன்னபடி அசைத்தே ஆக வேண்டும். என் தாயார் முதல் வாரத்தில் வீக்கத்துக்கு அஞ்சி இதைச் செய்ய மறுத்தார். கட்டைப் பிரித்தபின் விரல்கள் விறைத்து, இயன்முறைப் பயிற்சிக்குக் கூடுதலாகப் பல வாரங்கள் வர நேர்ந்தது.

குறுமரம் வளர்க்க விரும்பும் நோயாளிகள் சிலவற்றைக் கருத வேண்டும். புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்றோர் உள்ளிட்ட எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மண்ணையும் எருவையும் கையாளக் கூடாது. அவற்றில் உள்ள பூஞ்சைகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். மண்வேலையை வீட்டார் பார்த்துக்கொள்ள, எந்தக் கிளை போக வேண்டும் என்பதை அவர்கள் நாற்காலியில் இருந்தே முடிவு செய்யலாம். எனக்குக் கேட்டால் அதுவே சுவையான பகுதி. நீரிழிவால் விரல் நுனியில் உணர்ச்சி குன்றியவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் கையுறையின்றிக் கம்பியையோ கத்தரியையோ எடுக்க வேண்டாம். அரசின் பாலைக் கண்ணில் படாமல் காத்துக்கொள்ளுங்கள். புதிதாக எலும்பு முறிந்தவர்கள் மருத்துவர் இசைவு தரும்வரை கத்தரியைத் தொடாதிருப்பது நல்லது.

இவ்வாண்டு மாசியில் அம்மாதுளையின் எதிர்ப்பக்கக் கிளையைக் கீழிறக்கினோம். ஈர வாழைநார் சுற்றி, முந்தைய நாள் நீரைக் குறைத்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிது சிறிதாக. ஆயினும் மூன்றாம் ஞாயிறன்று மெல்லிய விரிசல் ஒன்று விட்டது. உடனே வளைப்பதை நிறுத்திவிட்டு அதே நிலையில் நாடாவைச் சுற்றினோம். நுனியை மடித்துச் செருகியது அம்மாவின் வலக்கை. பெருவிரல் இன்னும் முழுதும் மடங்குவதில்லை. இது ஒன்பதாவது வாரம். கிளையின் நுனியில் செந்தளிர்கள் விரிந்திருக்கின்றன. நாடாவை ஆடி மாதம் வரை தொடுவதில்லை என்று சுவரில் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.