அக்கிக்கு அஞ்சி மருந்தை நிறுத்தலாமா?

எச்.ஐ.வி. தொற்றுக்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில், விலாவில் எரிச்சலும் கொப்புளங்களுமாக வருபவர்களை ஒரு மருத்துவராக நான் சந்திப்பதுண்டு. பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘மாத்திரை போடும்வரை நன்றாகத்தானே இருந்தேன், இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ?’ சரியான பதில் கிடைக்காதபோது, உயிர்காக்கும் மருந்தையே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அதுதான்.

அந்தக் கொப்புளங்களின் பெயர் அக்கி. சின்னம்மையை உண்டாக்கும் ‘வேரிசெல்லா ஜோஸ்டர்’ வைரஸ், அம்மை குணமான பின்பும் உடலைவிட்டு நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைப்பதில் நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எச்.ஐ.வி. அழிப்பதோ அந்த எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சிடி4 அணுக்களை. எனவேதான், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இளம்வயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அப்படியானால், சிகிச்சை தொடங்கிய பின் ஏன் வருகிறது? மருந்து எச்.ஐ.வி.யின் பெருக்கத்தைத் தடுத்ததும் சிடி4 அணுக்கள் மீளத் தொடங்குகின்றன. விழித்துக்கொண்ட எதிர்ப்பாற்றல், அதுவரை கண்டுகொள்ளாத கிருமிகளை எதிர்க்கும்போது அழற்சி வெளிப்படுகிறது. இதை ‘எதிர்ப்பாற்றல் மீட்சி அழற்சி’ எனலாம். சிகிச்சையின் முதல் சில மாதங்களில், குறிப்பாக சிடி4 மிகவும் குறைந்த நிலையில் மருந்தைத் தொடங்கியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருந்தைத் தொடர்ந்தால் அக்கியின் ஆபத்து படிப்படியாகக் குறையும், நிறுத்தினால் எச்.ஐ.வி. மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம்.

அதற்காக அக்கியை அலட்சியப்படுத்தவும் கூடாது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மருந்துகளைத் தொடங்குவது நல்லது. தாமதமானாலும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். செம்மண் குழைத்து ‘அக்கி எழுதும்’ வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கெனக் காத்திருந்து இந்தப் பொன்னான நேரத்தை இழக்க வேண்டாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் பார்வை பாதிக்கப்படலாம். அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் அறிய வேண்டும். அக்கி பொதுவாக உடலின் ஒரு பக்கத்தில் பட்டைபோல் படரும். உடல் முழுவதும் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவை சேர்ந்து வந்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போதும் முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவரே, உடனே ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்ல வேண்டும்.

2004இல் அரசு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கியது. 2017 முதல் சிடி4 எண்ணிக்கை எதுவாயினும் சிகிச்சை தொடங்கலாம் என்பது கொள்கையாகிவிட்டது. சீக்கிரம் தொடங்குவதே அக்கிக்கும் நல்ல தடுப்பு. உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசியும் இந்தியாவில் கிடைக்கிறது. ஆனால், அதன் விலை எளியவர்களுக்கு எட்டாதது. செலவே இல்லாத தடுப்பு ஒன்று உண்டு. முதல் மாத்திரைப் புட்டியைக் கையில் கொடுக்கும்போதே, ‘அக்கி வரலாம், வந்தால் உடனே வாருங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவதுதான் அது.