பகுதிநேரப் பணி: ஊழியமா, சுயதொழிலா?

ஓய்வுபெற்றபின் மாலைவேளையிற் கடைக்கணக்கு எழுத முற்படும் அன்பர், அப்பணியை ஊழியராக ஏற்பதா, சுயதொழிலாக ஏற்பதா என முதற்கண் துணிதல் வேண்டும்.

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பகுதிநேர ஊழியரையும் தழுவும். வேதனம் 20,000 ரூபாவாயின், நூற்றுக்கு 8 வீதமாக 1,600 ரூபா அதிற் கழிக்கப்படும். தொழில்தருநர் 12 வீதமாக 2,400 ரூபா மேலதிகமாக இடுவார். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமாகிய 600 ரூபாவையும் அவரே செலுத்துவார்.

சுயதொழில் புரிவோர்க்கு இம்மூவாயிரம் கிட்டாது. ஆயின், நேரத்தைத் தாமே வகுத்துப் பல கடைகளுக்கு உழைக்கும் சுதந்திரம் உண்டு. ஆதலின், அவர் 23,000 ரூபாவுக்குக் குறையாது பேசிக்கொள்வதே முறை.

ஒன்று நினைவிற் கொள்க: நேரத்தையும் முறையையும் முதலாளியே விதித்து ஊழியராகவே நடத்துமிடத்து, பத்திரத்திற் சுயதொழிலென எழுதுவதால் மட்டும் ஊழியரின் உரிமை அற்றுப்போகாது.